மாப்பிள்ளை கட்டிய வீட்டில் யாருக்கும் காலில்லை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் சொல்லச் சொல்ல, உங்கள் அத்தை கைப்பட எழுதும் கடிதம். நாங்கள் இருவரும் எங்கள் வயதுக்கு என்ன உண்டோ அந்த அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும், சம்பந்தி ஐயாவின் இருமல் தணிய வேண்டும், சம்பந்தி அம்மாவின் முட்டிவலி குறைய வேண்டும், அலுவலகத்தில் உங்கள் மேலதிகாரி நல்ல மனநிலையில் இருக்க வேண்டும் என்பதே எப்போதும் எங்கள் விருப்பம். எனக்குக் கண் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே சொல்வது நான், எழுதுவது அத்தை. சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். (சொன்னார். நானும் சரின்னு தலையாட்டினேன். தலையாட்டினது இவருக்கு எங்க தெரியப்போகுது.)

விஷயத்துக்கு வருகிறேன். எனக்காக நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய முகப்பெட்டியை, இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். கம்ப்யூட்டருக்குள் நீங்கள் கட்டியிருக்கும் வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி என் மகளைப் போனில் பேசச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கோபத்தில் சொல்வதாகவோ, போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொள்வதாகவோ நினைக்க வேண்டாம். (போன ஞாயித்துக்கிழமையிலேருந்து சரியாச் சாப்பிடல.) நீங்கள் அந்த வீட்டைக் கட்டியதே நல்ல மனதோடுதான். ஆளுக்கொரு ஊரில் கிடக்கிறோம், முகத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் எல்லோரும் ஒரே ஹாலில் வந்து உட்காரலாம் என்று நீங்கள் சொன்னபோது உடனே அனுப்புங்கள் என்றேன். வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவன் நான். யார் யாரையோ யார் யாரோடோ சேர்த்துவிட்டு நடுவிலிருந்து விலகிக்கொள்வதுதான் என் தொழில். என்னை ஒருவர் சேர்த்துவைக்கிறேன் என்றால் சந்தோஷம் இருக்காதா.

பெட்டி வந்த அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்த கூரியர்காரர் "இது என்னங்க?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு உலகத்தைப் பார்க்கிற கருவி என்றேன். அவர் என் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்திருப்பார். (பார்த்தார்.) கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாட்டிவிட ஆள் வேண்டுமே என்று மாடி வீட்டு டிரைவிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், எந்த இயந்திரமும் தனக்குக் கட்டுப்படும் என்று நம்புகிறவர். பெட்டியை முதலில் தன் முகத்தில் மாட்டினார், "அடடா" என்றார், அதோடு ஆளைக் காணோம். நின்றது என்னவோ எங்கள் ஹாலில்தான். "மாஸ்டர், என்ன தெரியுது?" என்றால் "கடல்" என்கிறார். "வேற?" என்றால் "கடல்தாங்க" என்கிறார். அவரைக் கரையேற்றுவதற்குள் அத்தை போட்ட டீ ஆறிவிட்டது. அதன்பிறகுதான் உண்மையான சிக்கல். இந்தப் பெட்டி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாது, எல்லாவற்றையும் உள்ளே எழுதிக் காட்டும், அந்த எழுத்தை மாட்டியிருப்பவர் மட்டும்தான் படிக்க முடியும். ஆகவே மாஸ்டர் மாட்டிப் படிப்பார், கழற்றி எனக்கு மாட்டுவார், அது சொன்னபடி நான் செய்வேன், சரியாகச் செய்தேனா என்று பார்க்க அவர் வாங்கி மாட்டுவார், மாட்டியதும் 'வேறு ஆள் வந்திருக்கிறார், முதலிலிருந்து தொடங்கவும்' என்று எழுதும். "பச்சைப் புள்ளியை நேராப் பார்க்கணுமாம்" என்றார் மாஸ்டர். "எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் திரும்பறேன்" என்றேன். "அது உங்களுக்கு மாட்டினப்புறம்தாங்க வரும்" என்றார். நாங்கள் இப்படியே ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்துக்குப் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்ததில் அதற்கே அலுத்துப்போய், கடைசியில் மாஸ்டரின் போனுக்கு ஒரு தகவல் அனுப்பியது. "என்ன மாஸ்டர்?" என்றேன். "எதிர்ல ஆள் யாரும் இல்லைன்னு போட்டிருக்குங்க" என்றார்.

என் கண்மணி அசையாது. அசைகிற கண்ணைத் தேடித்தான் அந்தப் பெட்டி ஆளைக் கண்டுபிடிக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, மாஸ்டரும் தைரியமாகச் சிரித்தார். ஆனால் மாப்பிள்ளை, சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், சாப்பிட உட்கார்ந்தபோது அந்த வார்த்தையும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்காதவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள், ஆனால் லைனில் ஆள் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

சரி, அதற்குக் கண் இருக்கிற ஆள்தானே வேண்டும், கொடுப்போம் என்று அத்தைக்கு மாட்டினோம். பச்சைப் புள்ளியை ஒரு பார்வை பார்த்தாள், பெட்டி அடங்கிவிட்டது. அவள் பார்வைக்கு அடங்காதது எது. (இதை அழுத்தி எழுதச் சொன்னார்.) மாஸ்டர் உள்ளே எதையோ தட்டி, இனிமேல் யார் மாட்டினாலும் இதே ஆள்தான் என்று பெட்டியை நம்பவைத்தார். அதனால் வந்த வினை உங்களுக்குத் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் ஹாலுக்குள் வந்ததும் "வாங்க அத்தை" என்று வரவேற்றீர்கள். சம்பந்தி அம்மா, "இன்னிக்கு ரொம்ப அழகா இருக்கீங்க" என்றார்கள். நான் என்னுடைய இந்தக் கட்டைக் குரலில் "ரொம்ப நன்றிங்க" என்றதும் "ஐயோ" என்றார்கள். என் மகள்தான் சிரித்துச் சிரித்து மூச்சுவாங்கி, "அப்பா, நீங்க அம்மா முகத்தோட வந்திருக்கீங்க" என்று சொன்னாள். உடனே மாற்றித் தருகிறேன் என்றீர்கள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் அத்தை பார்க்க எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது, கொஞ்ச நாள் அவளாகவே இருந்து பார்ப்போமே என்று தோன்றியது. (இது எனக்கே இப்பத்தான் தெரியும்.)

அன்றைக்கே எல்லோரும் ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார், மேகத்தைப் பார் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். நானும் பார்த்த மாதிரி தலையை ஆட்டினேன். அந்த மலைக்குச் சத்தம் கிடையாது, மேகத்துக்கும் கிடையாது, அது பரவாயில்லை, நிஜ மேகமும் எனக்கு அப்படித்தான். ஆனால் உங்கள் வீட்டுக் கதவுக்கும் சத்தம் இல்லை, தரைக்கும் சத்தம் இல்லை, நடக்கிற மனிதருக்கும் சத்தம் இல்லை. ஏன் என்று மகளைக் கேட்டேன். "இங்க யாருக்கும் கால் கிடையாதுப்பா, இடுப்போட நின்னுடும், கட்டைவிரலால ஒரு குமிழைத் தள்ளினா அப்படியே மிதந்து போவோம்" என்றாள். எங்கள் பக்கம் கால் இல்லாமல் மிதக்கிறவர்களுக்கு வேறு பெயர் உண்டு, அவர்களை யாரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. உங்களிடம் கேட்டபோது, காலைச் செய்வது கஷ்டம் மாமா, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றீர்கள். உங்கள் கம்பெனியில் கடலுக்கு ஒரு குழு, மலைக்கு ஒரு குழு, மேகத்துக்கு ஒரு குழு என்று வேலை செய்கிறார்களாம். மேகத்தைச் செய்கிறவர் ஒரு நாள் லீவு போட்டால்கூட ஒரு கதவுக்குச் சத்தம் வைத்துவிடலாமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். (இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டார்.)

இவ்வளவு குறையும் சொல்லிவிட்டு, நல்லதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த முதல் நாள், சிரித்து முடித்துவிட்டு என் மகள் பேசிக்கொண்டே நகர்ந்தாள். மாப்பிள்ளை, அவள் குரல் நகர்ந்தது. இடது பக்கம் இருந்த குரல் எனக்கு முன்னால் வந்தது, அப்புறம் வலது பக்கம் போனது, முதுகுக்குப் பின்னால் போய், திரும்பி வந்தது. உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே இருக்காது. கல்யாணம் முடிந்து அவள் உங்களோடு கிளம்பிப் போன நாளிலிருந்து, என் மகள் என் வலது காதில் மட்டும்தான் இருந்தாள். போன் என்றால் அப்படித்தான். சிரித்தாலும் அங்கேதான், அழுதாலும் அங்கேதான், ஒரு துளைக்குள் இருந்து பேசுவாள், வைத்துவிட்டால் துளை மூடிக்கொள்ளும். அன்றைக்கு அவள் ஓர் இடத்தில் இருந்தாள். நான் ஓர் இடத்தில் இருந்தேன். நடுவில் ஓர் அறை இருந்தது. இங்கே வீட்டில் இருந்தபோது அவள் ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், பேச்சை இந்த அறையில் ஆரம்பித்து அடுத்த அறையில் முடிப்பாள், போகிற வழியெல்லாம் செருப்பைத் தரையில் இழுத்துக்கொண்டே போவாள். வீட்டுக்குள் என்ன செருப்பு, அதையும் காலைத் தூக்கி நடக்கக் கூடாதா என்று நான் திட்டாத நாள் கிடையாது. அந்தச் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. வரப் போக என் கால் தடுக்குகிறது, தூக்கிப் போடு என்றால் உங்கள் அத்தை கேட்பதில்லை. (தூக்கிப் போட எடுத்தப்ப 'எங்க கொண்டுபோற'ன்னு கேட்டது யாராம்.)

அந்தக் குரல் கொடுத்த ஆசையில்தான் அடுத்த வாரம் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவள் ஹாலின் கோடியிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள், போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று கிளம்பினேன். டிரைவிங் மாஸ்டர் என் வீட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, அவசரமே இல்ல, இடது பக்கம் ஒடிங்க, பின்னாடி வண்டி வருதான்னு கவனிங்க" என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தார். நிஜச் சுவரை நெருங்கினால் பெட்டிக்குள் ஒரு நீலக் கோடு தெரியுமாம், அதுதான் எச்சரிக்கையாம். நீலக் கோடு தெரிகிறவனுக்குச் சுவரே தெரியாதா மாப்பிள்ளை. நேராக அலமாரியில் மோதினேன், கண்ணாடி ஜாடி விழுந்து நொறுங்கியது. (எங்க அக்கா கொடுத்த ஜாடி.) இந்தப் பக்கம் அலமாரியாவது என்னைத் தடுத்தது. அந்தப் பக்கம் உங்கள் வீட்டுச் சுவர் ஒரு பேச்சுக்குக்கூடத் தடுக்கவில்லை. பதற்றத்தில், பெட்டியோடு வந்த கைப்பிடியின் குமிழை அழுத்திப் பிடித்துவிட்டேன், உங்கள் சுவருக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியேறி, அநேகமாக மலையையும் கடந்து, யார் வீட்டிலோ நுழைந்துவிட்டேன்.

அங்கே தண்ணீர் மோட்டார் விற்கிற ஒரு கம்பெனியின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அன்று லைன் சரியில்லை, ஒருவர் உருவமும் இன்னொருவருக்குத் தெரியவில்லை. அதனால் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன்னைச் சொல்லிக்கொண்டார்கள். "நான் கிடங்கு பேசறேன்." "வடக்குக் கிளை பேசறேன், கிடங்குக்குப் பக்கத்துல இருக்கேன்." "சர்வீஸ், ஒரு போன் வருது, வெளிய போறேன்." "சர்வீஸ் திரும்பி வந்துட்டேன்." நின்ற இடத்திலிருந்தே யார் எங்கே இருக்கிறார், யார் எழுந்து போகிறார், யார் தூங்குகிறார் எல்லாம் எனக்குப் புரிந்தது. கூட்டத்தில் என்னைப் போலவே யாருக்கும் கண் தெரியவில்லை, அவ்வளவு சௌகரியமாக இருந்தது. "புதுசா வந்திருக்கறது யாருங்க?" என்று தலைவர் கேட்டார். பழக்க தோஷம், "லைன்ல இருக்கேன், சொல்லுங்க" என்றேன். மேலிடத்திலிருந்து யாரோ சோதனைக்கு வந்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் மோட்டார் விற்பனை ஏன் இறங்குகிறது என்று என் கருத்தைக் கேட்டார்கள். மழை பெய்கிறதே என்றேன். கைதட்டினார்கள். என் மகள் வீடு வீடாகத் தேடி அங்கே வந்து, "அப்பா, இங்க என்ன பண்றீங்க?" என்றபோது, "இரும்மா, வடக்குக் கிளை பேசி முடிக்கட்டும்" என்று சொன்னேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குத் திரும்பி வர மனமில்லை.

இதை நான் உங்களிடம் விலாவாரியாகச் சொன்னேன். நம் வீட்டிலும் வருகிறவர் வந்தேன் என்று சொல்லட்டும், போகிறவர் போகிறேன் என்று சொல்லட்டும், சுவரைத் தொட்டால் சுவர் என்று தெரியட்டும் என்றேன். நல்ல யோசனை மாமா, குறித்துக்கொண்டேன், அடுத்த பதிப்பில் வைக்கலாம் என்றீர்கள். என் மகள் மட்டும் பதிப்புக்காகக் காத்திருக்காமல், எங்கிருந்தோ ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்து சமையலறைப் பக்கம் மாட்டினாள். "இது டிக் டிக்னு கேக்கும்ப்பா. நான் எப்பவும் இது பக்கத்துலதான் நிப்பேன். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுங்க" என்றாள். அந்த வீட்டிலேயே சத்தம் போடுகிற பொருள் அது ஒன்றுதான். எனக்கு அதன் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். கடிகாரம் இருக்கிற இடம் தெரிகிறதே தவிர, அதன் பக்கத்தில் அவள் நிற்கிறாளா, போய்விட்டாளா என்று அவள் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் புதிதாகச் சூரியன் மறைகிற காட்சி ஒன்றை வைத்திருந்தீர்கள். எல்லோரும் அதைப் பார்க்க வந்தீர்கள். சம்பந்தி ஐயா தன் இருமல் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று மைக்கை மூடிக்கொண்டாராம், எவ்வளவு நல்ல மனது. அவர் மூடியதும் மரியாதைக்குச் சம்பந்தி அம்மாவும் மூடிக்கொண்டார்கள், நீங்களும் மூடிக்கொண்டீர்கள். உங்களுக்கெல்லாம் அது சூரியன் மறைவதை அமைதியாகப் பார்ப்பது. எனக்கு அது வீடு காலியாவது. ஒரு நிஜ அறையில் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு நின்றாலும் எனக்குத் தெரியும், யாராவது மூச்சு விடுவார்கள், யாராவது எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவார்கள். உங்கள் வீட்டில் வாயை மூடினால் ஆளே போய்விடுகிறார். எல்லோரும் மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள், நானும் மகளும் தனியாக இருக்கிறோம் என்று நினைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் கடிகாரத்தின் பக்கத்திலிருந்து, "அப்பா, இங்க உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நான் சொன்னதை மறைத்துப் பயனில்லை, நீங்களும்தான் கேட்டீர்கள். "உன் மாமனார் போயிட்டாரா? நல்ல மனுஷன்தான், ஆனா அவர் இருமினா எனக்கு இங்க பெட்டியே ஆடுது" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொண்ணு கேட்டு வந்தப்ப பக்கத்துலயே வச்சுக்கறோம்னாங்க. இப்ப உன்கிட்ட வரணும்னா நான் மூஞ்சியில டப்பாவை மாட்டிக்கிட்டு வரணும். மாப்பிள்ளை மலை கட்டறார், சூரியன் கட்டறார். எனக்கு மலையும் வேண்டாம், சூரியனும் வேண்டாம். நீ செருப்பை இழுத்துக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவை நடந்தாப் போதும்" என்றேன்.

கடிகாரம் மட்டும் டிக் டிக் என்றது. பிறகு என் வலது தோளுக்கு மிக அருகில், சட்டைக்காலரை உரசுகிற தூரத்தில், ஓர் இருமல் கேட்டது. "நான் இங்கதான் இருக்கேன் சம்பந்தி" என்றார் உங்கள் அப்பா, கோபமே இல்லாமல். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மகளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவளுக்கு என்மேல் கோபம், எழுந்து போய்விட்டாள் என்று நினைத்து, பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அரை மணி கழித்து நீங்கள் போனில் கூப்பிட்டீர்கள். "என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க, அவ அழற சத்தம் கேட்கக் கூடாதுன்னு மைக்கை மூடிட்டு உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நீங்க பாட்டுக்குக் கழட்டிட்டுப் போயிட்டீங்க" என்றீர்கள். மாப்பிள்ளை, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. என் மகள் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். உங்கள் அப்பா பார்த்தார், உங்கள் அம்மா பார்த்தார்கள், நீங்கள் பார்த்தீர்கள். கட்டிக்கொள்ளப்பட்டவனுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும். அவளுக்குக் கால் இல்லை, கைக்குக் கனம் இல்லை, அழுகைக்குச் சத்தம் இல்லை. அவள் அங்கே என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் இங்கே அவள் போய்விட்டாள் என்று பெட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெற்றவனும் மகளும் இப்படி ஒருவரை ஒருவர் தவறவிடுவதற்கு ஒரு வீடு எதற்கு. போனில் அவள் அழுதால் மூக்கை உறிஞ்சுவதாவது கேட்கும்.

ஆகவேதான் சொல்கிறேன், எனக்கு அந்த வீடு ஒத்துவராது. நீங்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கூடுங்கள், என் பொருட்டு யாரும் மனம் வருந்த வேண்டாம். சம்பந்தி ஐயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள், இருமலுக்கு நான் சொன்ன டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியைத் துடைத்து, வந்த அட்டைப்பெட்டியிலேயே என் கையால் வைத்துக் கட்டியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை, தொடுகிற எண்ணமும் இல்லை. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். என் மகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் விரும்பும் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. இவர் குளிக்கப் போயிருக்கார், வெளிய வர நேரமாகும். சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாம எழுதிட்டேன். அதுல ஒண்ணையும் நம்பாதீங்க.

பெட்டியைத் தொடவே இல்லைன்னு எழுதச் சொன்னாரே, தினமும் மத்தியானம் நான் கொஞ்சம் தலையைச் சாய்க்கறப்ப எடுத்து மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடறார். நான் தூங்கிட்டேன்னு நினைப்பு. அங்க யார் இருக்காங்கன்னு ஒருநாள் கேட்டேன். "யாரும் இல்ல, கடிகாரம் இருக்கு" அப்படின்னார். எரிச்சலா இருக்குன்னு சொன்னாரே, அதே கடிகாரம்தான். நீங்க போட்ட நாற்காலியை அதுக்குப் பக்கத்துல நகர்த்திக்கிட்டு, அவ நிக்கற பக்கமா முகத்தைத் திருப்பி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அதனால நாற்காலியையும் எடுக்காதீங்க, கடிகாரத்தையும் எடுக்காதீங்க.

பார்சலைப் பிரிச்சுட்டு இதென்னன்னு திகைக்காதீங்க. அதுல பெட்டி இருக்காது. இவர் கட்டி வச்சதை நான் அவிழ்த்து, பெட்டியை எடுத்து மேஜைமேலயே வச்சுட்டேன். கேட்டா, கூரியர்காரர் இதையெல்லாம் எடுத்துக்க மாட்டேன்னுட்டார்னு சொல்லிக்கறேன், இவரும் நம்பின மாதிரி இருந்துக்குவார். பார்சல்ல இருக்கறது வாசல்ல கிடந்த அவளோட பழைய செருப்பு. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குள்ள வர்றப்ப அவளை அதைக் காலில போட்டுக்கச் சொல்லுங்க. கட்டைவிரலால மிதக்க வேண்டாம், எழுந்து நடக்கச் சொல்லுங்க. மைக்கை மட்டும் மூட வேண்டாம். அடுத்த பதிப்பு வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் இது போதும்.

நேத்து இதைப் பார்சல்ல வைக்கறதுக்கு முன்னாடி, வார் பிஞ்சிருக்கான்னு பார்க்க நானே போட்டுக்கிட்டு வாசல்லேருந்து சமையலறை வரைக்கும் நடந்தேன். எனக்கு அது பெரிசு, இழுத்துக்கிட்டுத்தான் நடக்க வந்தது. உள் அறையிலேருந்து இவர், "காலைத் தூக்கி நடன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது" அப்படின்னு குரல் கொடுத்தார். பாதியிலேயே குரல் இறங்கிடுச்சு. நானும் அப்படியே நின்னுட்டேன்.

அப்புறம் உள்ள இருந்து மெதுவாக் கேட்டார். "ஏன் நின்னுட்ட, நட."